வார இறுதிச் சாப்பாட்டில் ஐந்திணை: ஓர் ஆய்வு

சென்னையில் கணவனும் மனைவியும் சனி, ஞாயிறுகளில் வெளியே சாப்பிடப் போவது பசியினால்தான் என்று இதுநாள்வரை நம்பப்பட்டு வந்தது. இக்கொள்கை பிழை. பசித்தவர்கள், வீட்டில் மாவு இருக்கும்போது மயிலாப்பூர் வரை போய், முன்பின் தெரியாத ஒருவர் கடைசி விள்ளல் இட்லியை எப்போது விழுங்குவார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று காத்திருக்க மாட்டார்கள். இது முழுக்க முழுக்க அகத்திணை ஒழுக்கம். உணவு இதில் வெறும் கருப்பொருள். தொல்காப்பியரே அதைத் தெய்வத்துக்கும் விலங்குக்கும் நடுவில்தான் வைக்கிறார். உரிப்பொருள் எது என்று காண்பதே இவ்வாய்வின் நோக்கம். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது மரபாகையால் ஆய்வுக்கு உட்பட்டோர் தலைவன், தலைவி என்றே குறிக்கப்படுவர். அவர்கள் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் குடியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு இங்கு இடமில்லை.

முதலில் மருதம். உரிப்பொருள் ஊடல்; பொழுது வைகறையும் விடியலும். சென்னையில் சனிக்கிழமை பத்தரைக்கு மேல்தான் விடிகிறது என்பதால் இலக்கணத்தோடு முரண்பாடு இல்லை.

"மத்தியானம் எங்க போலாம்?"

"உங்க இஷ்டம்."

அனுபவமில்லாத தலைவன் இதை அனுமதி என்று எடுத்துக்கொள்வான். "அப்ப பிரியாணி?" "போன வாரமும் பிரியாணிதானே." "மீல்ஸ்?" "வீட்ல சாப்பிடறதையே அங்க போய்ச் சாப்பிடணுமா?" "சைனீஸ்?" பதில் வராது. மின்விசிறி மட்டும் சுற்றும். "அப்ப நீயே சொல்லேன்." "அதான் சொல்லிட்டேனே, உங்க இஷ்டம்னு."

இப்படி மாநகரின் ஓட்டல்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுவே தலைவி காலையில் பல் தேய்க்கும்போது நினைத்த இடம். அதைத் தலைவன் தானாகவே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. கண்டுபிடித்த பிறகு, "சரி, நீங்க ஆசைப்படறீங்க, போலாம்" என்று ஒப்புதல் கிடைக்கும்.

மேலைநாட்டாரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். 1957இல் லூஸ், ரைஃபா என்ற இருவர் ஆட்டக் கோட்பாட்டு நூலொன்றில் ஒரு தம்பதியை நிறுத்தினார்கள். அவனுக்குக் குத்துச்சண்டை பார்க்க வேண்டும், அவளுக்குப் பாலே நடனம். ஆனால் தனித்தனியே போக இருவருக்கும் மனமில்லை. கணக்கு அழகானதுதான். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பது அவரவருக்குத் தெரியும் என்று தொடங்குகிறதே, அங்கேயே அது கோடம்பாக்கம் தாண்டாது. நமக்கு நெருங்கியவர் ஜெரி ஹார்வி. டெக்சஸில் கொளுத்தும் வெயிலில், ஏ.சி. இல்லாத காரில், ஒரு குடும்பம் 53 மைல் தள்ளியிருந்த அபிலீனுக்குச் சாப்பிடப் போய்த் திரும்பிய பிறகுதான், போக வேண்டும் என்று நால்வரில் ஒருவருக்கும் ஆசை இருக்கவில்லை என்று தெரியவந்ததை அவர் 1974இல் எழுதினார். அபிலீன் என்ற இடத்தில் மகாபலிபுரம் என்று போட்டுக்கொண்டால் கட்டுரை அப்படியே பொருந்தும்.

ஊடலைத் தீர்க்க வாயில்கள் வேண்டும். தோழி, பாணன், விருந்தினர் என்று பன்னிரு வாயில்களை இலக்கணம் சொல்கிறது. பதின்மூன்றாவதாகச் சர்வரைச் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் பணிவான பரிந்துரை. தண்ணீர் டம்ளர்களை டக்கென்று வைத்துவிட்டு, இட்லியில் தொடங்கி ஆனியன் ரவா வரை ஒரே மூச்சில் ஒப்பித்து முடிக்கும் அவர் யார் பக்கமும் சாய்வதில்லை. "நெய் ரோஸ்ட் சூடா இருக்கு சார்" என்கிறார். இரு தரப்புக்கும் மானக்கேடு இல்லாத தீர்வு. தலைவி, "எனக்கு ஒண்ணும் வேணாம், காபி மட்டும் போதும்" என்பாள். நெய் ரோஸ்ட் வந்ததும் அதன் முறுகிய ஓரம் முழுக்கச் சுற்றிவரக் காணாமற்போகும். நடுவில் மெத்தென்று மிஞ்சுவது தலைவனின் பங்கு. அவன் இதற்கு ஆட்சேபம் தெரிவித்ததாகத் தரவு இல்லை. ஊடலில் உப்பு அளவாக இருக்க வேண்டும் என்று வள்ளுவர் சொன்னதை அவன் ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருக்கிறான்.

மருத நிலத்துக்கு நீர்வளம் வேண்டுமே என்று கேட்கலாம். 1948 முதல் நடக்கும் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லிமேல் சாம்பாரைப் பாய்ச்சும் அளவைக் கண்டவர் இக்கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

அடுத்தது பாலை. உரிப்பொருள் பிரிதல், பொழுது நண்பகல். ஓட்டல் வாசலில் தலைவியை இறக்கிவிட்டுத் தலைவன் பார்க்கிங் தேடிப் போவதுதான் இக்காலத்துப் பிரிவு. பொருள்வயிற் பிரிந்தவன்கூடச் சொன்ன பருவத்தில் திரும்பிவிடுவான். தி.நகரில் வண்டி நிறுத்தப் போனவனுக்கு அப்படி உறுதி எதுவும் கிடையாது. 1962 முதல் 2008 வரை கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த காலத்தில் இத்துயரம் இல்லை. காரை மரத்தடியில் நிறுத்தி, காரிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம், பிரிவதற்கே வழியில்லை. அது மூடப்பட்ட இடத்தில் இப்போது இருப்பது செம்மொழிப் பூங்கா. பாலைத் திணையை நகரத்துக்கு மீட்டுத் தந்த இடத்துக்கு வேறு பெயர் பொருந்தியிருக்காது.

முல்லைக்கு உரியது இருத்தல். பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு ஓட்டல் வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பதைச் சொல்கிறேன். விரித்துரைக்கத் தேவையில்லை.

நெய்தலுக்குப் பெசன்ட் நகர் கடற்கரை, சாயுங்காலம். உரிப்பொருள் இரங்கல். மிளகாய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு பில்லை நினைத்து இரங்குவார்கள். பில்லில் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யை மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு இரண்டரையாகச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டிருக்கும். மோக்டெய்ல் யார் சொன்னது என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

குறிஞ்சிக்கு நிலம் மலை, பொழுது யாமம். பக்கத்தில் பரங்கிமலை இருக்கிறது. யாமத்தில் ஆய்வாளன் தூங்கப் போய்விடுவதே நாகரிகம்.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. பார்சல் கட்டி வந்த மிச்சப் பிரியாணி ஞாயிறு இரவு ஃபிரிட்ஜில் வைக்கப்படுகிறது. "நாளைக்கு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க" என்ற உத்தரவும் பிறக்கிறது. திங்கட்கிழமை காலை டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. இரு தரப்புச் சாட்சியங்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதாலும், இருவர் வாயிலும் பட்டை கிராம்பு மணப்பதாலும், இதைத் தனிக் கட்டுரையில்தான் பார்க்க வேண்டும்.