மார்கழிக் கிழங்கு

*சமையலறைக் கூடையில உருளைக்கிழங்கு முளைவிட்டுருச்சுங்க. தொட்டியில நட்டுறலாமுங்களா? இது மாசி மாசம்.*
– வாசகி, பெருந்துறை

வேண்டாம்ங்க அம்மிணி. கிழங்கில் பச்சை படியாமல், கெட்டியாக இருந்தால் முளையை ஆழமாகக் கிள்ளி எறிந்துவிட்டு இன்றைக்கே பொரியல் செய்துவிடுங்கள். நடுவதற்கு ஐப்பசிக் கடைசி அல்லது கார்த்திகை முதல் வாரம் வரை பொறுங்கள்.

உருளைக்கிழங்கு இரவுக் குளிரைப் பார்த்துத்தான் கிழங்கு வைக்கும். பகலில் இலை சமைத்த மாவுச்சத்தை இரவில் மண்ணுக்குள் இறக்கிச் சேமிக்கிறது. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேலே ஏற ஏற அந்தச் சேமிப்பு குறைந்து, சத்தெல்லாம் தண்டுக்கும் தழைக்கும் போய்விடும். ஈரோட்டில் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குவது மார்கழியிலும் தையிலும்தான். நான் முதல்முறை நட்டது தை கடைசியில். செடி தளதளவென்று இடுப்புயரம் வந்தது. தோண்டினால் சுண்டைக்காய் அளவில் நாலு கிழங்கு. மறு வருஷம் அதே தொட்டி, அதே மண், கார்த்திகையில் நட்டேன். குழம்புக்கு ஆகும் கிழங்கு கிடைத்தது.

*ஊட்டிச் செடியை ஈரோட்டு வெயிலில் வளர்ப்பது வீண் பிடிவாதம் இல்லையா?*
– வாசகர், சென்னிமலை

ஊட்டிக்கும் அது வந்தேறிதான். பிறந்த இடம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. 1820-களில் அதை நீலகிரிக்குக் கொண்டுபோனவர் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். 1979 வரை ஈரோடும் கோவை மாவட்டம்தான் என்பதால், அவர் நம்ம ஊருக்கும் கலெக்டர். அவ்வளவு ஏன், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித் தாளவாடிக்குப் போய்ப் பாருங்கள். ஈரோடு மாவட்டத்து மண்ணிலேயே உருளைக்கிழங்கு விளைகிறது. அங்கே உயரம் தரும் குளிரை, இங்கே மார்கழி கொஞ்ச நாளைக்குத் தருகிறது. அந்த நாட்களைத் தவறவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

*நல்ல விதைக்கிழங்கு வாங்க ஊட்டிக்கே போய் வரட்டுமா?*
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஊட்டிக்குப் போய்ப் பூ பாருங்கள். விதைக்கிழங்கு மட்டும் கொண்டு வராதீர்கள். 1961-ல் நீலகிரி மண்ணில் தங்க நிற முட்டைக்கூடு நூற்புழு இருப்பது தெரியவந்தது. கண்ணுக்கு எளிதில் படாத புழு. அதன் முட்டைக்கூடு, செடியே இல்லாத மண்ணிலும் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஊர்விட்டு ஊர் போகும். அதனால்தான் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை வந்தது.

இந்தப் புழுவுக்கும் கோவைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோவை வேளாண் கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன், பிறகு நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஆராய்ந்தது உருளைக்கிழங்கைத்தான். இந்த நூற்புழுவை எதிர்க்கும் குணத்தைப் பயிருக்குள் கொண்டுவருவதும் அந்த ஆராய்ச்சியில் அடக்கம். 1952-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கியதும் உருளைக்கிழங்கு ஆய்வுக்கே. நெல்லையும் கோதுமையையும் வைத்தே அவரை நினைக்கிறோம். அவர் கை முதலில் பழகியது இந்தக் கிழங்கில். பின்னாளில் ஊட்டியை அடுத்த முத்தோரை ஆராய்ச்சி நிலையம் தந்த ‘குஃப்ரி ஸ்வர்ணா’ ரகம் இந்தப் புழுவைத் தாங்கி நிற்கிறது.

உங்களுக்கு ஏற்றது 2006-ல் வெளியான ‘குஃப்ரி சூர்யா’. வெப்பம் தாங்கும் ரகம். கிடைக்காவிட்டால் சமவெளியில் விளைந்த கடைக் கிழங்கே போதும். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவதில் முளை அடக்கும் மருந்து பட்டிருக்கலாம். எனவே தானாக முளைப்பதை மட்டும் எடுங்கள். முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க அடுக்கி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். குட்டையாக, தடிப்பாக முளை வந்ததும் நடலாம். கோழிமுட்டை அளவுக் கிழங்கை வெட்ட வேண்டாம்; நம் மண் சூட்டில் வெட்டுவாய் சீக்கிரம் அழுகும்.

*முப்பது வருசமா மஞ்சள் போடறேனுங்க. இதுல நான் புதுசா கத்துக்க என்ன இருக்குது?*
– விவசாயி, மொடக்குறிச்சி

பாதி உங்களுக்குத் தெரிந்ததுதாங்க அண்ணா. இரண்டுமே வேர் அல்ல. மண்ணுக்குள் பருத்த தண்டு. இரண்டுக்கும் மண் அணைக்க வேண்டும். ஆனால் மஞ்சள் எட்டு ஒன்பது மாதம் நின்று வெயிலையும் குடித்து வளரும். இது மூன்றே மாதத்தில் முடித்துக்கொள்ளும்.

மண் அணைப்பதில்தான் பெரிய வித்தியாசம். உருளைக்கிழங்கு மேலே தெரிந்து வெளிச்சம் பட்டால் பச்சையாகும். அதோடு சோலனைன் என்ற நஞ்சும் ஏறும். வேகவைத்தாலும் அது போகாது. செடி ஒரு சாண் வந்ததும் ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து மறுமுறை மண் அணையுங்கள். பையில் நடுகிறவர்கள் முதலில் பாதிப் பைக்கு மட்டும் மண் போட்டு, செடி ஏற ஏற நிரப்பலாம். மேலே கரும்புச் சோகையைப் பரப்பினால் மண் குளிர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் தொட்டியின் மேற்குப் பக்கம் ஈரச் சாக்கும் கட்டுகிறோம். மாலை வெயில்தான் தொட்டியை அடுப்பாக்குகிறது.

*அடுப்புச் சாம்பல் எவ்வளவு போடலாம்?*
– வாசகி, பவானி

போடாதீர்கள் அக்கா. நம் பக்கத்து மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். சாம்பலும் சேர்ந்தால் கிழங்குத் தோலில் சொறி வரும். புதுச் சாணமும் அப்படித்தான். நன்றாக மட்கிய குப்பை, செம்மண், தென்னை நார்க் கழிவு போதும்.

*செடியில் குட்டித் தக்காளி மாதிரி காய்த்திருக்கிறது. பேரன் பறிக்கப் பார்க்கிறான்.*
– வாசகர், அந்தியூர்

உடனே பறித்து மண்ணில் புதைத்துவிடுங்கள். அது நஞ்சு. தக்காளியும் கத்தரியும் மிளகாயும் இதற்குப் பங்காளிகள். அதனால்தான் அந்தச் சாயல். அவை நின்ற தொட்டி மண்ணில் இதை நடவும் வேண்டாம். ஒன்றின் நோய் மற்றதற்கும் தொற்றும்.

*இவ்வளவு பாடுபட்டால் கட்டுப்படியாகுமா?*
– வாசகர், சத்தியமங்கலம்

காசுக்கணக்கில் ஆகாது. சந்தையில் வாங்குவதே மலிவு. கிழங்கு நிறைய வேண்டுமென்றால் குச்சிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் நம் வெயிலுக்குத் தோதானவை. ஆனாலும் நான் வருஷாவருஷம் நாலு பையில் உருளை நடுகிறேன். மண்ணுக்குள் கைவிட்டு முதல் கிழங்கைத் தொடும் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

*தை கடைசி. செடி மஞ்சளாகிச் சாய்கிறது. தண்ணீர் கூட்டவா?*
– வாசகி, ஈரோடு சம்பத் நகர்

அடியோடு நிறுத்துங்கள்! செடி வாடவில்லை, கிழங்கு முற்றுகிறது. பத்து நாள் காயவிட்டால் தோல் இறுகும். மண்வெட்டி வேண்டாம், கையால் கிளறுங்கள். கழுவாமல், நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, இருட்டான கூடையில் வையுங்கள். சின்னக் கிழங்குகளை மட்டும் தோலோடு அன்றைக்கே வறுத்துவிடுங்கள்.