தேசிங்கு கட்டாத பாக்கி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை ரோட்டைப் பிடித்தால் செஞ்சி. ராஜா தேசிங்கின் வீரத்தை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சண்டை எதற்கு என்று மட்டும் கேட்கக் கூடாது. விஷயம் வரி பாக்கி. அப்பா சொரூப் சிங் காலத்திலிருந்தே கப்பம் நிலுவை. மகனும் கையை விரித்துவிட்டார். 1714-இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வசூலுக்கு வந்துவிட்டார். கதைப்பாட்டில் குதிரைக்குப் பெயர் உண்டு. பாக்கித் தொகை எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது.

அதன் பிறகு நம் சீமை வரி ஒழுங்காக ஆற்காட்டுக்குப் போனது. ஆற்காட்டில்தான் நிற்கவில்லை. அடுத்த வம்சத்து நவாப் முகமது அலி வாலாஜா, கம்பெனிக்காரனின் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தால் பத்திரம் என்று 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்டு என்கிறார்கள். நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த வெள்ளைக்காரர்களிலும் அவர் முக்கியப் புள்ளி. காண்டிராக்டரும் அவரே, ஃபைனான்சியரும் அவரே! அந்தக் கடன் ஊதிய ஊதலில் 1785-இல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து நின்று பொரிந்து தள்ளினார். விழுப்புரம் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைக்காரருக்கு பர்க் யாரென்று தெரியாது. வட்டியைத் தெரியும்.

1801-இல் கம்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டு நவாபுக்குப் பட்டத்தை மட்டும் விட்டுவைத்தது. 1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் போய்ச் சேர, டல்ஹௌசி பட்டத்தையும் சுருட்டினார். கடனை அடைக்க அரண்மனை ஏலத்துக்கு வந்தது. ஏலம் எடுத்தது யார்? சர்க்கார். காசு யாருடையது? அதே கொல்லைக்காரருடையது. ஒரே கட்டடத்துக்கு இரண்டு தரம் பணம் கட்டியவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

1860-களில் அரண்மனைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமாரின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஸ்டம்ப் நட்டது. 1934-இல் டெஸ்ட் மேட்ச் வந்தது. 1952-இல் இங்கிலாந்தைத் தோற்கடித்து இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். போட்ட முதலுக்குக் கண்ணில் பட்ட லாபம் அது ஒன்றுதான்.

இன்றும் நிலம் அரசுடையது, குத்தகை கிரிக்கெட் சங்கத்துடையது. புதிதாகக் கட்டிய கேலரிகளில் மூன்று, கட்டட விதித் தகராறில் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. விழுப்புரத்துப் பையன் ரயிலேறி எழும்பூரில் இறங்கி ஐபிஎல் பார்க்கப் போனால், 2025 செப்டம்பரிலிருந்து டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். பரம்பரைப் பழக்கம், கட்டிவிடுவான்.

ரோமாபுரிச் சக்கரவர்த்தி கொலோசியத்தைக் கட்டியது யூதர்களிடம் கொள்ளையடித்த பணத்தில். ஆனாலும் ஜனங்களை இலவசமாக உள்ளே விட்டான். கொள்ளைக்காரனுக்கே அவ்வளவு நாணயம் இருந்திருக்கிறது.

ஸ்டேடியத்துக்கு அரசுப் பணமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கிரிக்கெட் வியாபாரம் தன் கேலரியைத் தானே கட்டிக்கொள்ளட்டும், நிலத்துக்கு மார்க்கெட் வாடகை தரட்டும். அரசுப் பணம் மாவட்ட மைதானத்துக்குப் போகட்டும். அங்கே விடிகாலையில் சர்க்கரைக்காரர்கள் சுற்றி நடப்பார்கள், போலீஸ் செலக்‌ஷனுக்குப் பையன்கள் ஓடுவார்கள். ஸ்பான்சர் கிடைக்காது, டிவியில் வராது. வரி கட்டியவருக்கு மூச்சு வாங்கும். வட்டியால் அல்ல, ஓடியதால்.