காண்டாமிருகத்தை வெட்டக் கூடாது

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட இருபது முகப் பகடை, பென்சில், காகிதம், நாலு பேர் வேண்டும். மலேசியாவில் எங்கள் ஊரான பெக்கோக்கில் விளையாடுவதாக இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு பஞ்சாயத்து வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நடமாடுவார்கள், நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதை எப்படிப்பட்டது என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு படம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு ரஜினி படம், ஒருவருக்குப் பேய்ப் படம், ஒருவருக்கு மெகா சீரியல்.

கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் முதலில் ஆயிரம் பெட்டிகளாக விற்பனைக்கு வந்தது. தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்வதற்கு இப்போது 'செஷன் ஸீரோ' என்று பெயர். 2020இல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' நூலில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நாற்பத்தாறு வருடம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள் என்பது என் சந்தேகம்.

நம் ஆட்களுக்கு இந்தப் பாடம் மகாபாரதத்திலேயே கிடைத்துவிட்டது. பந்தயம் துரியோதனனுடையது, பகடை உருட்டுவது சகுனி என்று சபையில் உட்கார்ந்த பிறகுதான் சொல்கிறார்கள். ஒருவருக்காக இன்னொருவர் ஆடுவது முறையல்ல என்று தருமர் வாயைத் திறந்து சொல்லவும் செய்கிறார். சொல்லிவிட்டு ஆடுகிறார்! அதைவிட வேடிக்கை இரண்டாவது ஆட்டம். பன்னிரண்டு வருடம் வனவாசம், ஒரு வருடம் அஞ்ஞாதவாசம் என்று நிபந்தனையெல்லாம் பளிச்சென்று முன்னாலேயே சொல்லியாயிற்று. அப்போதும் மனிதர் உட்கார்ந்தார். என்ன பேசி வைத்தாலும் சிலருக்குக் கை அரிக்கத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் பகடையைக் கொண்டுவந்தது ஜோகூர் பாருவில் படிக்கும் அக்கா மகன். கதையை நடத்தும் பொறுப்பு என் தலையில். ஆடுவதற்கு அவன், மச்சான், அண்ணி, அப்புறம் பால்மரம் சீவியே பிள்ளைகளை ஆளாக்கிய அத்தை. "உங்களுக்கு எப்படிப்பட்ட கதை வேணும்?" என்று கேட்டேன்.

"எதுனாலும் ஓகேலா" என்றார்கள் கோரஸாக.

இந்தப் பதிலை நம்பிக் காரியத்தில் இறங்கியவன் உருப்பட்டதில்லை. கல்யாணத்துக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டால் "எது போட்டாலும் சாப்பிடுவோம்" என்பவர்தான், பந்தியில் உட்கார்ந்ததும் "ரசம் இல்லையா?" என்பார். அதனால் பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, உன் பாத்திரம் செத்துப்போனால் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், ராத்திரி எத்தனை மணி வரை உட்காருவாய் என்று குறிப்பாகக் கேட்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"பேய் மட்டும் வேணாம் தம்பி" என்றார் அண்ணி. "நீங்க பாட்டுக்குக் கதைய சொல்லிட்டுப் படுத்துருவீங்க. நான்ல செம்பனைக்குள்ள நடந்து வீட்டுக்குப் போகணும்?"

அத்தையின் நிபந்தனை அதைவிடக் கண்டிப்பானது. காட்டுக்குள் ஒரு காவல் தெய்வத்தை வைக்கலாம் என்று நான் ஆரம்பித்ததுமே கையை உயர்த்திவிட்டார். "முனீஸ்வரர வச்சு உருட்ற வேலையெல்லாம் இங்க வேணாம்டா. தோட்டத்துல அவரு இருந்ததாலதான் நாம இருக்கோம்." ரான் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்கர் இந்த ஆட்டங்களுக்குக் கோடு, திரை என்று இரண்டு வகை வகுத்து வைத்திருக்கிறார். கோடு போட்ட விஷயம் கதைக்குள் வரவே கூடாது. திரை போட்டது கதையில் நடக்கலாம், விவரித்துக் காட்டக் கூடாது. அத்தை அவரைப் படித்ததில்லை. கோடு மட்டும் சுவர் மாதிரி போட்டார்.

கதை நடக்கும் இடத்தில் பிரச்சினை வராது என்று நினைத்தேன். எங்கள் ஊர் செகாமாட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவில் இருக்கிறது. செலாய் பக்கமாகப் போனால் எண்டாவ் ரோம்பின் காடு. டிராகனுக்கு அமெரிக்கா வரை போவானேன், அந்தக் காட்டில் ஒரு காலத்தில் திரிந்த சுமத்திரா காண்டாமிருகத்தையே கடைசி எதிரியாக வைத்துவிடலாம் என்றேன். மச்சானுக்கு ஒரே குஷி. லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் மனிதர், கோடரி தூக்கும் பாத்திரத்தை அப்போதே எழுதிவிட்டார்.

"மாமா, மலேசியாவுல கடைசிக் காண்டாமிருகம் 2019ல சபாவுல செத்துப்போச்சு" என்றான் அக்கா மகன். "நெசத்துல ஒண்ணுகூட இல்ல. கதையிலயும் வெட்டணுமா?"

சபை அமைதியானது. மச்சான் கோடரியைப் பார்த்தார், அதாவது காகிதத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் வாதாடி ஒரு முடிவுக்கு வந்தோம். காண்டாமிருகத்தை வெட்டக் கூடாது, காப்பாற்ற வேண்டும். திருட்டு வேட்டைக்காரர்கள் எத்தனை பேர் வந்தாலும் மச்சான் வெட்டிக்கொள்ளலாம், ஆனால் ரத்தத்தை விவரிக்கக் கூடாது. நான் பேசாமல் கதையை நடத்தியிருந்தால், இந்தச் சண்டை மூன்றாவது வாரம், காண்டாமிருகம் சாகும் நேரத்தில் வந்திருக்கும். மச்சான் மாப்பிள்ளை முறுக்கோடு எழுந்து போயிருப்பார், அக்காவிடமிருந்து எனக்கு போன் வந்திருக்கும்.

எல்லாம் பேசி, சனிக்கிழமை எட்டு மணி என்று நேரமும் குறித்து, பகடையை எடுக்கப் போகும்போது அத்தை கேட்டார்: "அது கெடக்கட்டும், இதுல யாரு ஜெயிப்பா?"

யாரும் ஜெயிப்பதில்லை, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை உண்டாக்குகிறோம் என்று நானும் அக்கா மகனும் மாறி மாறி விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"யாரும் தோக்கலைன்னா தே ஓ காச யாருடா குடுக்குறது?"

அந்த 2020 புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. பகடையில் ஒன்று விழுகிறவர் அன்றைக்குத் தேநீர்க் கடையில் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று எங்கள் விதித்தாளின் முதல் வரியாக எழுதினோம். அத்தை கையெழுத்துப் போட்டார்.