உப்புத் தண்ணீரும் வேகாத பருப்பும்

புதுக்கோட்டை மாவட்டத்து வீடுகள் பலவற்றில் தண்ணீர் இரு சாதியாக வாழ்கிறது. மூடிய குடத்தில் மரியாதையோடு வீற்றிருப்பது 'நல்ல தண்ணி' எனவும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறிக் குழாய் வழியே இறங்குவது 'உப்புத் தண்ணி' எனவும் வழங்கப்படும். மாவட்டத்தின் மேற்குப் பகுதி பெரும்பாலும் கடினப்பாறை நிலம் என்பதால், மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியம், மெக்னீசியம் உப்புகளைச் சேர்த்துக்கொண்டு மேலே வருகிறது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையே ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாதவிடத்து 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. ஆனால் பருப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளைக் கால்சியம் இறுகப் பிணைத்துவிடுவதால், குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் துவரை தன் உருவம் குலையாமல் கிடக்க, பாறையின்மேல் விழவேண்டிய பழி புதிதாக வந்த மருமகளின்மேல் விழுகிறது.

குளியலறையில், சோப்பிலுள்ள கொழுப்பமிலம் முதலில் கால்சியத்தோடு கூடிக் கரையாத திரையாகி வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொள்வதால், கால்சியம் தீர்ந்த பிறகே நுரை எழும். அதற்குள் பாதி சோப்பு கரைந்திருக்கும். கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை நீங்கும் என்பது உண்மையே, எனினும் நீங்கியது எங்கும் போய்விடுவதில்லை, ஹீட்டர் கம்பியிலேயே வெள்ளைச் சட்டையாகக் குடியேறி, வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுத்து, மின்கட்டணத்தை உயர்த்துகிறது. சுண்ணாம்பை இட்டே சுண்ணாம்பை இறக்கும் முறைக்கு ஸ்காட்லாந்தின் தாமஸ் கிளார்க் 1841இல் காப்புரிமை பெற்றார். வெற்றிலைப் பெட்டியில் எந்நேரமும் சுண்ணாம்பு வைத்திருந்த ஊருக்கு இது தோன்றாமற்போனது வியப்பன்று, ஏனெனில் அவ்வூருக்கு ஊருணி இருந்தது.

ஊருணி நீர் கலங்கலாயினும் மழையிலிருந்து வந்தமையால் மென்மையானது. குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் அடியில் தங்கும், பருப்பும் வெண்ணெயாக வேகும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதே நல்லது என்று நம்பிய தலைமுறை போர்வெல்லுக்கு மாறி, பிறகு அதன் தெளிவைச் சமாளிக்க 'ஆர்ஓ' என்னும் சவ்வூடு வடிகட்டியை வாங்கியது. அக்கருவியோ ஒரு பங்கு நீரைக் குடிக்கக் கொடுத்து, அதனினும் மிகுந்த நீரை முன்னிலும் கடினமாக்கிக் கழிவுக் குழாயில் தள்ளுகிறது. கொட்ட மனமில்லாத இல்லத்தரசி அதை வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவ, காய்ந்த எவர்சில்வரில் வெண்திட்டுகள் பூக்கின்றன. அவற்றைத் தேய்த்தெடுக்க ரசத்துக்கென ஊறவைத்த புளியில் பாதி போய்விடுகிறது.