மிச்சம் இல்லாத வேலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கின் பின்சக்கரம் காற்றிழந்து கிடந்தது. பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தால் அரைமணி வேலை. ஆனால் முந்தின இரவுதான் இந்த வேலையைச் சொல்லித்தரும் மூன்று வீடியோக்களைப் பார்த்திருந்தேன். அரைகுறை அறிவுக்கு எப்போதுமே கை அரிக்கும்.

வாசலில் செய்தித்தாளை விரித்து, கழற்றின வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கினேன்: நட்டு, வாஷர், புஷ், ஆக்சில், செயின் அட்ஜஸ்டர். டயரில் இறங்கியிருந்த ஆணியைப் பிளையரால் பிடுங்கினபோது அது கொஞ்சம் வளைந்துவிட்டது. கைதியைப் போல அதையும் அதே தாளில் உட்காரவைத்தேன். டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் ஒட்டி, எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது மணி ஒன்றரை. தாளில் ஒரு வாஷர்கூட மிச்சமில்லை. சொந்தமாக வண்டியைப் பிரித்தவர்களுக்கு இந்தப் பெருமை புரியும்.

பெருமை தெருமுனை வரைதான் வந்தது. ‘டக்… டக்… டக்…’

வேகம் கூட்டினால் சத்தமும் நெருங்கியது. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் இறக்கத்தில் கிளட்சைப் பிடித்து, என்ஜினைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தேன். என்ஜின் அடங்கியது, ‘டக்’ அடங்கவில்லை. ஆக, சக்கரம்தான். அதாவது, நான்தான்.

மாலையில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து விஞ்ஞானத்தில் இறங்கினேன். பதினெட்டு அங்குல ரிம், டயரோடு சேர்த்துச் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்குச் சுமார் 3 சுற்று. “நீ சத்தத்தை எண்ணு.”

“எண்ணுதேன். நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க.”

நொடிக்கு மூன்று டக். சுற்றுக்கு ஒன்று. கணக்கு அச்சாகப் பொருந்தியது. நோய் என்ன என்பது மட்டும் தெரியவில்லை.

இந்த இடத்தில் தமிழ் இலக்கணம் கைகொடுத்தது. செயின் தொய்ந்தால் சளக்சளக். பிரேக் ஷூ உரசினால் கீச்கீச். பேரிங் தேய்ந்தால் கரகர. இரட்டைக்கிளவி இன்று பள்ளிக்கூடத்தைவிட மெக்கானிக் கடையில்தான் செழிப்பாக வாழ்கிறது. பிரித்தால் பொருள் தராது என்பது அதன் இலக்கணம். என் வண்டிக்கும் அதேதான். மூன்று நாளில் மூன்று முறை பிரித்துப் பார்த்துவிட்டேன், பொருள் தரவில்லை. புஷ் சரியான பக்கத்தில் இருந்தது. செயின் தொய்வை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியால் ஆக்சிலைத் தொட்டு நாடி பார்த்தேன். டயரை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே குணமான நோயாளி அல்லவா!

இதில் பெரிய கொடுமை, சென்டர் ஸ்டாண்டு போட்டுக் கையால் சுற்றினால் சக்கரம் பரம சாதுவாகச் சுற்றும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்குகிற மாதிரி. ரோட்டில் இறக்கினால் மறுபடியும் டக்.

நான்காம் நாள் மானத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன்.

“எத்தன தடவ கழத்துனிய சார்?”

“ஒண்ணு… மூணு.”

“ஸ்டாண்டுல போட்டா சத்தம் வருதா?”

“வரல.”

“ரோட்டுல?”

“வருது.”

“அப்ப ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? ரோடுதான இருக்கு.”

காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை வாங்கிய ஜான் பாய்ட் டன்லப், தொழிலால் கால்நடை மருத்துவர். எங்கே வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்லாத நோயாளிகளோடு பழகினவர். அண்ணாச்சியும் அந்தப் பரம்பரைதான். ஸ்பேனரைத் தொடவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, சக்கரத்தை மெல்ல உருட்டிக்கொண்டே டயர் பட்டையை உள்ளங்கையால் தடவினார். கை ஓரிடத்தில் நின்றது. பிளையரை வாங்கி ஒரே இழுப்பு.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ‘புஸ்’ வரவில்லை. சாய்வாக ஏறியதால் டியூபைத் தொடாமல் ரப்பரிலேயே நின்றுவிட்டிருக்கிறது. தலை மட்டும் வெளியே துருத்திக்கொண்டு, சுற்றுக்கு ஒரு தடவை தார் ரோட்டைத் தட்டியிருக்கிறது.

“ஆணி சார்” என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

துருப்பிடித்த ஆணி. நடுவில் லேசான வளைவு. அந்த வளைவு என் பிளையர் போட்டது! செய்தித்தாளிலிருந்து எப்போது உருண்டதோ, வாசலில் எத்தனை நேரம் காத்திருந்ததோ, நான் வெள்ளோட்டம் பார்க்கக் கிளம்பின நிமிடமே பழைய வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

“எவ்வளவு அண்ணாச்சி?”

“இதுக்கு என்ன துட்டு? போங்க சார்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “என்ன கோளாறாம்? எதையாவது மாட்டாம விட்டுட்டீங்களா?”

“இல்ல. கழற்றினது அத்தனையும் மிச்சம் வைக்காம மாட்டிட்டேன். அதான் கோளாறு.”