பூர்வாங்க சார்

எங்கள் ஊர் நூலகத்தின் நோக்கு நூல் பிரிவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாதவை இரண்டு. ஒன்று, அங்கிருக்கும் தடித்தடிப் புத்தகங்கள். மற்றது, பூர்வாங்க சார்.

காலையில் கதவு திறந்ததும் பையை ஒப்படைத்து முதல் டோக்கனை வாங்குபவர் அவர்தான். மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பது அவருடைய நாற்காலி. அதன்மேல் கைக்குட்டை கிடந்தால் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று பொருள். "ஆராய்ச்சி எந்த மட்டில் இருக்கு சார்?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பூர்வாங்க வேலை நடந்துக்கிட்டிருக்கு." பெயர் வந்தது அப்படித்தான். இயற்பெயர் நூலக உறுப்பினர் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

ஆய்வுத் தலைப்பு, வெற்றிலை. சின்ன இலைதானே என்று நினைப்பவர்கள் அவர் அதைத் தேடுகிற அழகைப் பார்த்ததில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் ஆறாம் தொகுதியை எடுப்பார். வெற்றிலையைப் பார்த்துவிட்டு வெள்ளிலைக்குத் தாவுவார். வெள்ளிலையிலிருந்து அடைக்காய் ஞாபகம் வரும். அதற்கு முதல் தொகுதி வேண்டும். அதைப் புரட்டினால் பக்கத்திலேயே அடைப்பைக்காரன் நிற்பான், ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் ஆள். அவனைப் பிடித்துக்கொண்டு விஜயநகர அரண்மனைக்குள் நுழைந்தால், சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

மாலையில் அபிதான சிந்தாமணி. 1910இல் வெளியான அந்தப் புத்தகத்தில் ஒரு பெயரைத் தேடப்போய் ஒன்பது முனிவர்களின் சாபக்கதைகளோடுதான் திரும்புவார். வெற்றிலையைச் சபித்தவர் யாரும் அவருக்கு இதுவரை அகப்படவில்லை. ஆனாலும் நம்பிக்கை இழக்கவில்லை.

பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் 1954இல் தொடங்கி 1968க்குள் வெளிவந்துவிட்டன. பதினான்கே ஆண்டுகள்! சார் பதினைந்தாவது ஆண்டில் இருக்கிறார். முன்னுரையின் முதல் வாக்கியத்துக்கு எழுவாய் முடிவாகிவிட்டது.

இவ்வளவையும் கேட்டு அவரை உதவாக்கரை என்று எண்ணிவிட்டால் அது பெரிய பிழை. ஒருநாள் கல்லூரி மாணவி ஒருத்தி அழாத குறையாக வந்து நின்றாள். பழைய நாடக விளம்பரங்களைப் பற்றி ஆய்வு. எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. நூலகர் அம்மாள் கண்ணாலேயே மின்விசிறியின் பக்கம் காட்டினார்.

"உட்காரும்மா. முதல்ல கலைக்களஞ்சியத்துல நாடகம்னு பாரு. மொத்தப் படமும் ஒரு பார்வையில கிடைச்சிடும். அதுல வர்ற பேரு, வருஷம் எல்லாத்தையும் குறிச்சுக்க. அந்தப் பேருகளை நூலகப் பட்டியல்ல தேடு. உன் தலைப்புல ஏற்கெனவே யாராச்சும் பட்டம் வாங்கிட்டாங்களான்னு சோத்கங்கா தளத்துல பார்த்துடு. அப்புறம் தரமணிக்குப் போ. ரோஜா முத்தையா நூலகத்துல பழைய நாடக நோட்டீஸே வெச்சிருக்காங்க. எடுக்கிற குறிப்புக்கெல்லாம் பக்க எண்ணை அன்னிக்கே எழுதிடு. நாளைக்குன்னு விட்டே, தீர்ந்தது!"

மொத்தம் பத்து நிமிடம். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அந்த விதியே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசியதுபோல் இருந்தது. அடுத்தவர் நேரம் என்றால் சார் அத்தனை சிக்கனம்.

சில ஆண்டுகள் கழித்து அந்தப் பெண், பொன்னெழுத்து பொறித்த ஆய்வேட்டோடும் ஒரு டப்பா மைசூர்பாகோடும் வந்தாள். நன்றியுரையில் சாரின் பெயர் இருந்தது. அவர் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. நேராகக் கடைசிக்குப் போய்த் துணைநூற் பட்டியலில் விரலை ஓட்டினார். முகம் மாறியது.

"ஏம்மா, இதுல ஏழு புத்தகம் நான் பார்க்காதது!"

"அதெல்லாம் நாடகம் பத்தினது சார். உங்களுக்கு வெத்திலைதானே?"

"நாடகக்காரங்களுக்கு வெத்திலை பாக்கு வெச்சுத்தானேம்மா அச்சாரம் கொடுத்திருப்பாங்க? இதைப் பார்க்காம எப்படி ஆரம்பிக்கிறது?"

மைசூர்பாகு ஒட்டிய விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். 'அச்சாரம்' பார்க்க லெக்சிகனின் முதல் தொகுதியை நோக்கி நடந்தார்.