கண்ணாடிக் கதவும் போர் தண்ணீரும்: கேள்வி-பதில்

கே: புது வீட்டுக் குளியலறைக்கு ஆசைப்பட்டுக் கண்ணாடிக் கதவு போட்டோம். சில மாதங்களிலேயே வெள்ளை வெள்ளையாய்ப் படிந்துவிட்டது. கடைக்காரர் மட்டமான கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டாரா?
(வாசகி, தென்காசி சாலை, ராஜபாளையம்)

ப: கடைக்காரரைத் திட்டாதீர்கள். உங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியாக இருந்தாலும் இந்தத் தண்ணீர் காய்ந்தால் இதே கதிதான்.

கே: அந்த வெள்ளை உப்பா, சோப்பா?
(கல்லூரி மாணவர், கிருஷ்ணன்கோவில்)

ப: இரண்டும். கதவில் தெறித்த ஒரு சொட்டை அது காயும் வரை பாருங்கள். நடுவில் தண்ணீர் வற்ற வற்ற, ஓரத்தில் மெல்லிய வெள்ளை வளையம் விழும். அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. இன்னொன்று சோப்பின் வேலை. சோப்பு என்பது கொழுப்பு அமிலமும் சோடியமும் சேர்ந்த பொருள். கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது உண்டாகும் பிசுபிசுப்பு தண்ணீரில் கரையாது, நுரைக்கவும் செய்யாது. கண்ணாடியில் ஒட்டி, சுண்ணாம்பையும் உடம்பு எண்ணெயையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

கணக்கும் சொல்கிறேன். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வையுங்கள். அந்த ஒரு லிட்டரில் இருக்கும் கால்சியம் முழுவதும் சோப்போடு சேர்ந்தால், சுமார் இரண்டரை கிராம் சோப்பு அழுக்கைத் தொடாமலே வீணாகும். மாதச் சாமானில் சோப்புக் கணக்கு ஏறுவது இப்படித்தான்.

கே: என் அம்மா வீடு முடங்கியாறு பக்கம். நகராட்சித் தண்ணீர் வரும் நாளில் சோப்பு பொங்குகிறது. இங்கே மோட்டார் போட்டு எடுத்தால் நுரையே இல்லை. ஒரே ஊர்தானே?
(வாசகி, மலையடிப்பட்டி)

ப: ஊர் ஒன்று, தண்ணீர் வந்த வழி வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஓடையாய் இறங்கி ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேரும் தண்ணீர், பாறையோடு அதிக நாள் பழகுவதில்லை. அதனால் மென்மையாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து, அங்குள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. நம் மாவட்டத்து மண்ணில் சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம்? ஆர்.ஆர். நகரில் ராம்கோ ஆலையும் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலையும் எழுந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான்.

கே: தண்ணீர் கடினமா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
(வாசகர், மம்சாபுரம்)

ப: சமையலறையில் கேளுங்கள். துவரம்பருப்பு வேக மாட்டேன் என்று அடம்பிடித்தால் பாதி பதில் கிடைத்துவிட்டது. வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் வெள்ளைப் பொருக்கு இருந்தால் மீதியும் கிடைத்துவிட்டது. எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

கே: சரி, படிந்ததை எடுப்பது எப்படி?
(வாசகி, தளவாய்புரம்)

ப: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரையுங்கள். இல்லையென்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிக்குச் சரி. புளியங்குடி எலுமிச்சை மலிவாகக் கிடைக்கிற நாளில் அதன் சாறும் ஆகும், ஆனால் நாலு பழத்தில் ஒரு கதவு முடியாது.

அடித்தவுடன் துடைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. செங்குத்தான கண்ணாடியில் கரைசல் நிற்காமல் வழிந்துவிடும். பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துக் கதவோடு ஒட்டவைத்து, கால் மணி நேரம் ஈரமாகவே விடுங்கள். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், சோப்புப் பிசுபிசுப்பில் உள்ள கால்சியத்தையும் பிரித்துவிடும். பிரிந்தபின் மிஞ்சுவது வெறும் கொழுப்பு. அதற்குப் பாத்திரம் கழுவும் திரவமும் ஸ்பாஞ்சும் போதும். பிறகு நன்றாக அலசி, உலரத் துடையுங்கள். தடித்த படிவம் என்றால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். கதவின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவுங்கள். வழவழப்பெல்லாம் அதற்குள்தான் குடியிருக்கும்.

கே: வினிகரில் ஆப்பசோடா போட்டால் பொங்குகிறதே, அது நல்லதா?
(வாசகர், சேத்தூர்)

ப: பொங்குவது பார்க்க அழகு. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டபின் உங்கள் கையில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

கே: பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, கதவுக்கும் ஆகாதா?
(பாட்டி, மடவார்வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: விளக்குக்குப் புளியை மிஞ்ச ஒன்றில்லை, பாட்டி. கதவுக்கு வேண்டாம். புளியில் உள்ள அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் உண்டாகும் பொருளும் தண்ணீரில் எளிதில் கரையாது. போதாததற்கு டைல்ஸ் இடுக்கில் பழுப்புக் கறையும் ஏறும்.

கே: டாய்லெட்டுக்கு வாங்கிய ஆசிட் பாட்டில் இருக்கிறது. ஊற்றினால் ஒரே நொடியில் பளிச்சென்று ஆகிறது. தொடரலாமா?
(வாசகர், மல்லி)

ப: வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கரைக்கும், உண்மை. அதே வேகத்தில் டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட்டைத் தின்னும், கதவுக் கீலையும் கைப்பிடியையும் கறுக்க வைக்கும், ஆவி நுரையீரலை எரிக்கும். நம் குளியலறைகள் ஆறடிக்கு நாலடி. ஜன்னலும் உள்ளங்கை அகலம்தான். அதற்குள் உட்கார்ந்து ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர் பெரும்பாலும் வீட்டு அம்மாவோ வேலைக்கு வரும் அம்மாவோ. கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தேய்க்கிறார்கள். ஒரு கதவின் பளபளப்புக்காக அவர்களை அந்த அறைக்குள் அனுப்பக் கூடாது.

இதைவிட ஆபத்து, ஆசிட் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயு. வினிகர், சிட்ரிக் ஆசிட் இவற்றோடும் பிளீச்சிங் சேரக் கூடாது. தவறிக் கலந்துவிட்டால் அலசிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே வெளியே வாருங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108. கண்ணில் ஆசிட் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கே: எங்கள் குளியலறைத் தரை கடப்பா கல். வினிகர் பட்டால்?
(வாசகர், வத்திராயிருப்பு)

ப: மங்கிவிடும். கடப்பாவும் சுண்ணாம்புக்கல் குடும்பம்தான், மார்பிளும் அப்படியே. கதவில் படிந்த சுண்ணாம்பைத் தின்னும் அமிலம் தரையில் உள்ளதை மட்டும் விட்டுவைக்குமா? தரையை நன்றாக நனைத்து, ஈரச் சாக்கு விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வழிந்ததை உடனுக்குடன் தண்ணீர் விட்டுத் தள்ளுங்கள்.

கே: ஸ்டீல் நார்?
(வாசகி, ரத வீதி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: தோசைக்கல்லுக்கு.

கே: எதைத் தேய்த்தும் ஒரு புகைமூட்டம் போகவில்லை. என்ன செய்வது?
(வாசகர், பி.ஏ.சி.ஆர். சாலை, ராஜபாளையம்)

ப: நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் படிவம் இன்னும் இருக்கிறது, சிட்ரிக் ஆசிட்டைத் தொடருங்கள். வழுவழுவென்று இருந்தும் மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிட்டது. அதற்கு சீரியம் ஆக்சைடு பொடி வைத்துப் பாலிஷ் போடுபவரைக் கூப்பிட வேண்டும். ஃபுளோரைடு கலந்த கறைநீக்கி என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். அது தோலைத் தாண்டி எலும்பு வரை போகிற விஷயம்.

கே: திரும்பப் படியாமல் இருக்க ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.
(வாசகி, சத்திரப்பட்டி)

ப: குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக நாலு இழுப்பு, ஓரங்களில் ஒரு துணித் துடைப்பு. தண்ணீரைக் கண்ணாடியில் காயவிடாவிட்டால் சுண்ணாம்பு எங்கிருந்து படியும்? இதற்கு மேலான மருந்து எந்தக் கடையிலும் இல்லை. துணிக்கு நீங்கள் அலையவே வேண்டாம். ஊருக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஊர்க்காரர் நீங்கள். மெல்லிய பருத்தித் துணி இழுக்கிற அளவு தண்ணீரைப் பாலியஸ்டர் இழுக்காது.

கே: அவ்வளவு சுத்தம் பார்க்க வீட்டில் யாருக்கு நேரம்?
(அதே வாசகியின் கணவர்)

ப: கடைசியாகக் குளிப்பவருக்கு. அது நீங்களாக இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.

கே: சோப்பை மாற்றினால் பலன் உண்டா?
(வாசகர், ராஜபாளையம்)

ப: உண்டு. பாடி வாஷ், ஷாம்பு போன்றவை பெரும்பாலும் சோப்பே கிடையாது. கால்சியத்தோடு சேர்ந்தாலும் இப்படிப் பிசுபிசுப்பாகத் திரளாது. சீயக்காயும் அரப்பும் அப்படியே. அவற்றில் நுரைப்பது சப்போனின். ஆனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஆனபின் கதவைச் சுடுதண்ணீரால் கழுவிவிடுங்கள், தெறித்த நல்லெண்ணெயில் எல்லாம் ஒட்டும். எதை மாற்றினாலும் சுண்ணாம்பு வளையம் மட்டும் போகாது. அது தண்ணீரோடு வருவது.

கே: குழாயில் காந்தம் மாட்டினால் உப்பு போய்விடும் என்கிறார்கள். சாஃப்ட்னரும் சொல்கிறார்கள். எது?
(வாசகர், ராஜபாளையம்)

ப: காந்தம் தண்ணீரிலிருந்து கால்சியத்தை வெளியே எடுப்பதில்லை, காசைச் செலவழிக்காதீர்கள். சாஃப்ட்னர் எடுக்கும். உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு மணிகளைக் கழுவ வேண்டும். அந்தக் கழிவுநீரைத் தென்னைக்குத் திருப்பிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் முதல் செலவு மொட்டைமாடி மழைநீருக்கு ஒரு தொட்டி. மழைநீரில் கால்சியம் இல்லை, நுரை பிடுங்கிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்தால் கதவு துடைப்பதற்கும் துணி அலசுவதற்கும் கொஞ்ச காலமாவது ஓடும்.

கே: ஆடிப்பூரத் தேருக்கு மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் நாளைக் காலை வருகிறார்கள். கதவு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. இன்று இரவுக்குள் என்ன செய்ய?
(வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: முழுக் கதவையும் எடுக்க நினைக்காதீர்கள். கண் மட்டத்தில் இருக்கிற பாதிக்கு மட்டும் வினிகர்த் துணி ஒட்டி, அது ஊறும் நேரத்தில் கைப்பிடியையும் குழாயையும் பாத்திரத் திரவத்தால் தேய்த்துவிடுங்கள். பிறகு கண்ணாடியையும் அதே திரவத்தால் தேய்த்து அலசி, உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். மிச்சத்தைத் தேர் நிலைக்கு வந்த மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வைப்பரைக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்தால் வருகிறவர்களும் எடுத்து இழுத்துவிடுவார்கள்.